வலிப்பு நோயும் வல்புறோவேற்று மருந்தும்

மாந்தரை வருத்தும் நோய்கள் பலவற்றுள்ளும் அவரை மிக அஞ்சச் செய்தது வலிப்பு நோயேயாம். காய்ச்சல் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். புண் கண்ணுக்குத் தெரிய ஆறும். வலிப்போ முன்னறிவிப்பின்றி வரும். நின்றவனை நிலத்தில் வீழ்த்தும். சிறிது பொழுதில் தானே நீங்கும். நீங்கிய பின்னர் நோயுற்றவன் நடந்தது யாதென்று அறியான். காரணம் புலப்படாத இத்தோற்றமே அந்நோயைத் தெய்வக் குற்றமென்றும் பேய்க்கோளென்றும் பல நாட்டு மக்களும் கருதுதற்கு ஏதுவாயிற்று. கிரேக்கர் அதனைத் தெய்விக நோய் என வழங்கினர். இப்போக்கிராத்தீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூற்றொகுதியிலுள்ள ஒரு நூலோ, இந்நோய் ஏனைய நோய்களினும் தெய்விகமானதன்று, மூளையின் கோளாற்றால் வருவதே என்று ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே வாதித்தது.

தமிழர் இந்நோயை முயலகன் எனவும் காக்கை வலிப்பு எனவும் வழங்கினர். வடநூலார் அபஸ்மாரம் என்பர். நினைவு நீங்குதல் என்பது அச்சொல்லின் கருத்து. நடராச வடிவத்தில் திருவடியின் கீழ்க் கிடப்பவனும் முயலகனே. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் மகளைப் பற்றியிருந்த முயலகன் என்னும் நோயைத் திருஞானசம்பந்தர் நீக்கிய வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். ஒரு சிற்றரசன் தன் மகளின் நோய்க்கு மருந்து காணாது மயங்கிய அந்நிலை, இன்றும் பல இல்லங்களில் பெற்றோர் எய்தும் நிலையேயாகும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி இன்று உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் இந்நோயுடையர். அவருள் நூற்றுக்கு எண்பதின்மர் வரையில் வறிய நாடுகளிலும் நடுத்தர வருவாயுடைய நாடுகளிலும் வாழ்வோர். தக்கவாறு நோயறிந்து மருந்தளிப்பின் நூற்றுக்கு எழுபதின்மர் வரையில் வலிப்பின்றி வாழலாம் என்றும் அந்நிறுவனம் கூறுகின்றது.

அம்மருந்துகளுள் ஒன்றாகிய சோடியம் வல்புறோவேற்றைப் பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். வலிப்பு மருந்துகள் இருபதுக்கு மேற்பட்டன உளவாக, இவ்வொன்றை எடுத்துக்கொண்டது ஏன் எனின், இது கண்டுபிடிக்கப்பட்ட முறை அறிவியல் பயில்வார்க்கு ஒரு பாடம். இதன் பயன் மருத்துவத்துக்கு ஒரு பேறு. இதன் கேடு உலகு அறிந்துகொள்ளக் காலந்தாழ்ந்த வரலாறோ நம் எல்லார்க்கும் ஓர் எச்சரிக்கை. இம்மூன்றும் ஒரு பொருளின்கண் அமைதல் அரிது.

நோயின் இயல்பு

மூளையிலுள்ள நரம்புக்கலங்கள் நுண்ணிய மின்கணத்தாக்கங்களால் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுகின்றன. ஒரு கலத்தை எழுப்பும் இரசாயனப் பொருள்களும் உள. அடக்கும் பொருள்களும் உள. எழுப்புவதும் அடக்குவதும் நிறைகோலின் இருதட்டுப்போல ஒத்து நிற்குங்கால் மூளை தன் தொழிலை ஒழுங்காகச் செய்யும். இந்நிறை பிறழ்ந்து, கலங்களின் பெருங்கூட்டம் ஒன்று ஒரே வேளையில் கட்டின்றி மின்னை வெளிப்படுத்துமாயின் வலிப்பு நிகழும். இக்கருத்தை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் இயூலிங்சு சாக்சன் நிலைநாட்டினார். செருமானியராகிய அன்சு பேகர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட பின்னர், அஃது ஊகமாக இருந்த நிலை நீங்கிக் கண்கூடாயிற்று.

வலிப்பு என்றவுடன் வீழ்ந்து கைகால் உதறுதலையே பலரும் எண்ணுவர். அஃது ஒரு வகை மாத்திரமே. மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தோன்றி ஒரு கையையோ முகத்தின் ஒருபுறத்தையோ துடிக்கச் செய்வதும் உண்டு. சிறுவரிடத்துத் தோன்றும் இன்னொரு வகையில் வீழ்ச்சியுமில்லை, உதறலுமில்லை. எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை பத்து விநாடியளவு வெறித்து நோக்கும். இமை சிறிது துடிக்கும். பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு நாளில் இது பன்முறை நிகழ்தலுங் கூடும். மின்னலைப் பதிவில் விநாடிக்கு மூன்று வீதம் எழும் கூரலைகள் இதனைக் காட்டிக்கொடுக்கும். வகுப்பறையில் இத்தகைய பிள்ளை 'கவனமற்றவன்', 'பகற்கனவு காண்பவன்' என்று ஏசப்படுவதும் தண்டிக்கப்படுவதும் உண்டு. ஆசிரியராவார் இவ்வொன்றை அறிந்திருப்பின் ஒரு பிள்ளையின் கல்வியையே காத்தவராவர்.

பிறிதொரு வகை பெரும்பாலும் 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் தோன்றுவது. காலையில் துயிலெழுந்த சிறிது நேரத்தில் தோளும் கையும் திடீரெனத் துள்ளும். கையிலுள்ள கோப்பை தெறித்து விழும். உறக்கக் குறைவு இதனைத் தூண்டும் காரணங்களுள் முதன்மையானது. பரீட்சைக் காலத்தில் இரவெல்லாம் விழித்துப் படிக்கும் மாணவரிடத்து இது பெருவலிப்பாக முதன்முறை வெளிப்படுதல் வியப்பன்று. நாம் கூறவந்த மருந்தின் சிறப்பும் சிக்கலும் இவ்வகையிலேயே சந்திக்கின்றன என்பதைப் பின்னர்க் காண்போம்.

கரைப்பான் மருந்தான வரலாறு

வலிப்பைத் தடுக்கும் மருந்தெனத் தக்கது 1857ஆம் ஆண்டு வரையில் இருந்ததில்லை எனலாம். அவ்வாண்டில் இங்கிலாந்தில் சாள்சு உலொக்கொக் என்னும் மருத்துவர் புரோமைட்டின் பயனை எடுத்துரைத்தார். 1912இல் செருமனியில் அவுப்மன் பீனோபாபிற்றோனின் ஆற்றலைக் கண்டார். 1938இல் அமெரிக்காவில் மெரிற்றும் பற்னமும் பினிற்றோயின் என்னும் மருந்தை வெளிப்படுத்தினர். புரோமைட்டும் பீனோபாபிற்றோனும் வலிப்பை அடக்கியதோடு அறிவையும் மந்தமாக்கின. உறக்கமின்றி வலிப்பை மாத்திரம் அடக்கல் கூடும் என்பதைப் பினிற்றோயின் காட்டியது.

வல்புறோயிக் அமிலமோ இவற்றுள் முதலிரண்டு மருந்துகளின் காலத்துக்கு இடையிலேயே பிறந்துவிட்டது. ஆயின் மருந்தாகப் பிறக்கவில்லை. சடாமாஞ்சிலின் இனத்ததாகிய வலேரியன் என்னும் ஐரோப்பியப் பூண்டின் வேரிலிருந்து கிடைக்கும் வலெரிக் அமிலத்தை ஒத்ததாய், 1882ஆம் ஆண்டில் பேற்றன் என்னும் அமெரிக்க இரசாயனர் இதனைத் தொகுத்தார். எட்டுக் காபன் அணுக்களும், பதினாறு ஐதரசன் அணுக்களும், இரண்டு ஒட்சிசன் அணுக்களும் கொண்ட எளிய மூலக்கூறு இது, நிறமற்ற திரவம். நீரிற் கரையாத சேர்வைகளைக் கரைத்தற்கு உதவும் திரவமாக மட்டும் எண்பது ஆண்டுகள் இது ஆய்வுகூடத் தட்டுகளில் இருந்தது. ஒருவரும் இதனிடத்து மருந்தின் குணம் உளதென்று எண்ணினாரிலர்.

1962ஆம் ஆண்டளவில் பிரான்சு தேசத்து லியோன் நகரில் பியர் ஏமார் என்னும் ஆய்வு மாணவர், எகிப்தியப் பூண்டொன்றிலிருந்து பெறப்படும் கெல்லின் என்னும் பொருளின் வழிவந்த சில சேர்வைகளை ஆக்கியிருந்தார். அவை நீரிற் கரையாமையின், கிறெனோபிள் நகரத்து ஆய்வாளரின் துணையோடு வல்புறோயிக் அமிலத்திற் கரைக்கப்பட்டன. வலிப்பை உண்டாக்கும் இரசாயனப் பொருளொன்றைக் கொடுத்த விலங்குகளில் அக்கரைசல்களைச் சோதித்தபோது, அவை யாவும் வலிப்பைத் தடுத்தன. வேறொருவராயின் தாம் ஆக்கிய சேர்வைகளே வெற்றி தந்தன என்று மகிழ்ந்து அமைந்திருப்பர். இவர்களோ ஐயுற்றனர். ஒரு சேர்வை வலிதாயும் மற்றொன்று மெலிதாயும் இருத்தல் இயல்பாகவிருக்க, எல்லாம் ஒருங்கே வெல்லுதல் எங்ஙனம்? கெல்லினோடு தொடர்பற்ற கூமரின் வகைச் சேர்வையொன்றையும் அதே அமிலத்திற் கரைத்துப் பார்த்தனர். அதுவும் வலிப்பைத் தடுத்தது. ஈற்றில் எச்சேர்வையும் கலவாத அமிலத்தைத் தனியே கொடுத்துச் சோதிக்க, மருந்து கரைபொருளன்று, கரைப்பானே என்பது வெளிப்பட்டது. இம்முடிபு 1963இல் வெளியாயிற்று. 1964இல் நோயாளரிடத்துச் செய்த முதற் சோதனை அறிவிக்கப்பட்டது. 1967இல் டெப்பாக்கின் என்னும் பெயரோடு பிரான்சில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்க அரசு 1978இல் ஒப்புதல் அளித்தது.

இக்கண்டுபிடிப்பைத் தற்செயல் என்பர். தற்செயலாக எதிர்ப்பட்டது உண்மையே, கண்டறிந்தது தற்செயலன்று. நம் அளவை நூலார் காரணத்தைத் துணிதற்கு அந்நுவயம், வெதிரேகம் என இருவழி கூறுவர். ஒன்று உளதாயின் மற்றொன்றும் உளதாதல் அந்நுவயம். ஒன்று இலதாயின் மற்றொன்றும் இலதாதல் வெதிரேகம். சேர்வை உண்டு, வலிப்பு நின்றது என்னும் அந்நுவயத்தோடு ஆய்வாளர் அமைந்தாரில்லை. சேர்வை இல்லாதவிடத்தும் வலிப்பு நிற்கின்றதா என்று வினவினர். அவ்வினாவே மருந்தைத் தந்தது.

இதனோடு நம்மிடையே வழங்கும் ஒரு வழக்கத்தை ஒப்பிட்டு நோக்குதல் தகும். வலிப்பு வந்தவன் கையில் இரும்பையோ திறப்புக் கோவையையோ கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது தமிழரிடத்துப் பரவிய நம்பிக்கை. கொடுக்கிறார்கள், சிறிது நேரத்தில் நிற்கவுஞ் செய்கிறது. ஆயின் பெரும்பாலான வலிப்புகள் மூன்று நிமிடத்துள் தாமே ஓய்பவை. இரும்பு கொடாதவிடத்தும் வலிப்பு நிற்கின்றதா என்று நோக்கியிருப்பின் உண்மை அன்றே புலப்பட்டிருக்கும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை இது. காக்கை வலிப்புக்கும் அக்காகத்துக்கும் இப்படியும் ஒரு பொருத்தம் அமைந்தது போலும்.

மருந்து தொழிற்படும் முறை

எழுப்புவதும் அடக்குவதுமாகிய நிறைகோலை மேலே கூறினோம். அடக்குந் தட்டிலுள்ள பொருள்களுள் முதன்மையானது காபா எனச் சுருக்கமாக வழங்கும் அமினோவமிலம். அதனைச் சிதைக்கும் நொதியத்தை வல்புறோவேற்று தடுப்பதால் மூளையில் காபாவின் அளவு கூடுகின்றது. அடுத்து, நரம்புக்கலத்தின் மென்சவ்விலுள்ள சோடியம் அயன்களின் வாயில்கள் மீண்டும் மீண்டும் விரைந்து திறப்பதை அது மட்டுப்படுத்துகின்றது. அதனால் மின்கணத்தாக்கங்கள் தொடர்மழைபோற் பொழிதல் குறைகின்றது. மூன்றாவதாக, கல்சியம் அயன்களுக்குரிய ஒருவகை வாயில்களையும் ஓரளவு அடைக்கின்றது. வெறித்து நோக்கும் சிறுவலிப்பில் அதன் பயனுக்கு இதுவுங் காரணமாகலாம்.

பூட்டு ஒன்றுக்குத் திறப்பு ஒன்று என்றவாறு தொழிற்படும் மருந்துகள் பல. வல்புறோவேற்றோ பல பூட்டுகளிற் சிறிது சிறிது புகும் திறப்பாக இருத்தலின், வலிப்பின் பல வகைகளிலும் பயன்படுகின்றது. பிரித்தானியாவில் நிகழ்ந்து 2007இல் வெளியான பேராய்வொன்று, மூளை முழுவதையும் பற்றும் வலிப்புகளுக்கு லமோற்றிசின், தொப்பிரமேற்று என்னும் புதிய மருந்துகளினும் இப்பழைய மருந்தே ஏற்றதெனக் கண்டது. லெவற்றிறசற்றம் என்னும் மருந்தோடு ஒப்பிட்ட இரண்டாவது ஆய்வும் 2021இல் அம்முடிபையே வலியுறுத்தியது. துயிலெழுங்காற் கை துள்ளும் இளைஞர் வலிப்பிலும் இதற்கு நிகரானது அரிது.

இம்மருந்து குருதியிற் புகுந்தபின் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத சிறுபகுதியே மூளையிற் சென்று தொழிற்படும். குருதியில் மில்லிலீற்றருக்கு 50 முதல் 100 மைக்கிரோகிராம் வரையில் இருத்தலே வலிப்புக்குப் பொருத்தமான அளவெனக் கொள்வர். 9 மணி முதல் 16 மணி வரையிலான காலத்தில் அவ்வளவு பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே மருந்தை நாடோறும் குறித்த வேளையில் உட்கொள்ளல் வேண்டும் என்னும் விதி மருத்துவரின் பிடிவாதமன்று, கணக்கின் விளைவேயாம்.

மனநோயிலும் தலையிடியிலும்

மகிழ்ச்சியும் ஊக்கமும் எல்லை கடந்து, உறக்கம் வேண்டாமல், எண்ணங்கள் ஒன்றையொன்று துரத்த, பொருளை வாரியிறைத்துத் தன்னைத்தான் அறியாது நடக்கும் மிகையெழுச்சி நிலை ஒருவகை மனநோயாகும். அதே மனிதர் பிறிதொரு காலத்தில் ஆழ்ந்த சோர்வில் வீழ்தலின் இதனை இருமுனை மனநோய் என்பர். 1949இல் அவுத்திரேலிய மருத்துவர் யோன் கேட், இலிதியம் இதனைத் தணிக்கும் எனக் கண்டார். 1966ஆம் ஆண்டிலேயே பிரான்சில் லம்பேர் முதலியோர் வல்புறோயிக் அமிலத்தின் வழிவந்த சேர்வையொன்று இந்நோயாளர்க்கும் பயன்படுமென அறிவித்தனர். உலகம் அதனைப் பொருட்படுத்தப் பல ஆண்டுகள் சென்றன. வல்புறோயிக் அமிலமும் அதன் சோடிய உப்பும் சம அளவிற் கூடிய சேர்வை மிகையெழுச்சி நோய்க்கு அமெரிக்காவில் 1995இல் ஏற்கப்பட்டது. இரைப்பையை உறுத்தாது குடலிற் கரையுமாறு மேலுறையிட்ட அம்மாத்திரை டெப்பக்கோட் எனப்படும்.

மறு ஆண்டு, 1996இல், ஒற்றைத் தலையிடியை வராது தடுத்தற்கும் அது ஏற்கப்பட்டது. தடுத்தற்கு என்னும் சொல்லைக் கவனித்தல் வேண்டும். தலையிடி வந்தபின் விழுங்கும் குளிசையன்று இது. இடி அடிக்கடி வந்து தொழிலையும் படிப்பையும் கெடுக்குமிடத்து, அது வரும் தடவைகளைக் குறைத்தற்பொருட்டு நாடோறும் உட்கொள்வது. மூன்று நோய்க்கும் பொதுவான வேர் ஒன்று உளதெனத் துணிதல் கூடாது. எளிதில் மிகையாக எழும் நரம்புக்கலங்களை அமைதிப்படுத்தும் மருந்து மூன்றிடத்தும் பயன்படுகின்றது என்பதே இதனாற் பெறப்படும்.

மருந்தால் விளையுங் கேடு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. மருந்தைப் பொறுத்தவரையில் அளவு மிஞ்சாதவிடத்தும், உண்பவர் யார் என்பதனால் அமிர்தம் நஞ்சாதல் உண்டு.

சிறு துன்பங்கள் முதலாவன: குமட்டல், கை நடுக்கம், உடற்பருமன் கூடுதல், மயிர் உதிர்தல், குருதிச் சிறுதட்டுகள் குறைதல். பேரிடர்கள் அரியன, ஆயின் கொடியன. ஈரல் பழுதடைதலும், சதையி அழற்சியும், குருதியில் அமோனியா மிகுதலும் அவையாம். ஈரற் கேட்டினால் உயிரிழந்தோரைப் பற்றி அமெரிக்காவிற் செய்து 1987இல் வெளியான ஆய்வின்படி, இரண்டு வயதுக்குட்பட்டு வேறு வலிப்பு மருந்துகளும் உடன் உட்கொண்ட குழந்தைகளுள் ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவர் இறந்தனர். இம்மருந்தை மாத்திரம் உட்கொண்டோருள் 37,000 பேருக்கு ஒருவரே இறந்தனர். பரம்பரையால் இழைமணிகளிற் கோளாறுடையார்க்கு இதனைக் கொடுத்தலாகாது. மருந்தைத் தொடங்கிய முதல் ஆறு மாதத்துள் வாந்தி, சோர்வு, பசியின்மை, கண் மஞ்சளித்தல் முதலியன தோன்றின் உடனே மருத்துவரிடம் செல்லல் வேண்டும்.

இவற்றினும் பெரிய துயர், மருந்தை உண்ணாத ஓர் உயிருக்கு விளைவது. 1982ஆம் ஆண்டில் லியோன் நகரில் பிறவிக் குறைகளைப் பதிவுசெய்து ஆராய்ந்த றொபேர் என்னும் பெண் ஆய்வாளர், முண்ணாண் முற்றும் மூடாது பிறந்த குழந்தைகளின் தாய்மாருள் எதிர்பார்த்ததினும் மிகப் பலர் கருப்பகாலத்தில் வல்புறோவேற்று உட்கொண்டவராதலைக் கண்டார். மருந்தின் குணம் புலப்படத் தொடங்கிய அதே நகரிலேயே இருபது ஆண்டின் பின் அதன் குற்றமும் புலப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிசெய்தன. பொதுவாக நூறு குழந்தைகளுள் இரண்டு மூன்றுக்கே பெரும் பிறவிக் குறை காணப்பட, இம்மருந்தை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் அது காணப்பட்டது. மருந்தின் அளவு கூடக் கேடும் கூடியது.

உடலிற் குறையின்றிப் பிறந்த குழந்தைகளும் தப்பினாரல்லர். 2009இல் வெளியான ஆய்வொன்று, இக்குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு மூன்றாம் வயதில், வேறு வலிப்பு மருந்துகளை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளினும் 6 முதல் 9 புள்ளி வரையிற் குறைந்திருத்தலைக் காட்டியது. பேச்சுத் தாமதம், கற்றற் குறைபாடு, பிறரோடு பழகும் ஆற்றலின் குறை முதலியன நூற்றுக்கு 30 முதல் 40 குழந்தைகள் வரையிற் காணப்படலாம் என ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் கணித்தனர். பரம்பரையலகுகள் சுற்றப்பட்டிருக்கும் புரதங்களை மாற்றும் நொதியம் ஒன்றை வல்புறோவேற்று தடுக்கும் என்பது 2001இல் அறியப்பட்டது. வளரும் முளையத்துக்கு அது கேடு செய்தற்கு இஃது ஒரு காரணமாதல் கூடும்.

இங்கு வினவத்தக்கது ஒன்றுண்டு. 1982இல் அறியப்பட்டது தாய்மாரை எப்போது சென்றடைந்தது? ஐரோப்பாவிற் கடுமையான எச்சரிக்கைகள் 2014இலும், கருத்தரியாமைக்கு உறுதி செய்யாது பெண்களுக்கு இம்மருந்தை அளித்தலாகாது என்னும் விதிகள் 2018இலுமே வந்தன. பிரான்சில் 1967 முதல் இம்மருந்தினாற் பெரும் பிறவிக் குறையுற்ற குழந்தைகள் 2,150 முதல் 4,100 வரையினராதல் வேண்டுமென அந்நாட்டு மருந்து அதிகாரிகள் 2017இல் மதிப்பிட்டனர். பிள்ளைகளின் தாய்மார் ஒன்றுகூடிப் போராடியதன் பின்னரே இழப்பீட்டு நிதி சட்டத்தால் ஏற்படுத்தப்பட்டது. பிரித்தானியாவில் கம்பளேச் அம்மையார் தலைமையில் அமைந்த விசாரணைக்குழு 2020இல் வெளியிட்ட அறிக்கை, துன்புற்ற பெண்களின் முறையீடு செவிசாய்க்கப்படாமையைக் கடிந்தது. 2024 சனவரி முதல் அந்நாட்டில், 55 வயதுக்குட்பட்ட ஆடவர்க்காயினும் பெண்டிர்க்காயினும், வேறு மருந்து பயன்படாதெனச் சிறப்பு மருத்துவர் இருவர் தனித்தனி உடன்பட்டாலன்றி இம்மருந்தைப் புதிதாகத் தொடங்கலாகாது. தந்தையர் உட்கொள்வதாற் பிள்ளைக்கு ஊறு உண்டோ என்பது இன்னும் ஆராயப்படுகின்றது, முடிபு உறுதியாகவில்லை. உலக சுகாதார நிறுவனமும், குழந்தை பெறக்கூடிய வயதினரான பெண்களுக்கு இதனை அளித்தலாகாதென அறிவுறுத்துகின்றது.

கரைப்பானைத் தனியே சோதித்த அதே ஐயறிவு மருந்தின் கேட்டை ஆராய்வதிலும் இருந்தது. அறிவு குறைவுபடவில்லை, அறிந்ததை உரியவர்க்கு உரைக்கும் கடமையே குறைவுபட்டது. ஆய்வேட்டில் அச்சாகி நூலகத் தட்டில் உறங்கும் உண்மை, மருந்தைக் கையில் ஏந்திநிற்கும் பெண்ணுக்கு உண்மையாகாது.

சிக்கலின் முடிச்சு

இனி, முன்னர்க் குறித்த சிக்கலைக் காண்போம். இளைஞர் வலிப்புக்கு இம்மருந்து மிகச் சிறந்தது. அந்நோய் தொடங்குவது 12 முதல் 18 வயது வரையில். அந்நோயுடைய மாணவி ஒருத்தி சில ஆண்டுகளில் மணம் முடிப்பாள். முளையத்தின் நரம்புக்குழாய் மூடுவதோ கருத்தரித்த நான்கு வாரத்துள். தான் தாயாகப் போவதை அவள் அறியுமுன்னரே தீங்கு நிகழ்ந்துவிடக் கூடும்.

ஆயின் மருந்தை நிறுத்திவிடலாமே எனின், அதுவும் பெருங்கேடு. திடீரென நிறுத்தினால் ஓயாத தொடர்வலிப்பு எழுந்து தாயும் சேயும் ஒருங்கே மடிதல் கூடும். ஆகவே செய்யத்தக்கது யாதெனில், மணம் பேசுங்காலத்திலேனும், அதற்கு முன்னரேனும், மருத்துவரோடு கலந்து, லமோற்றிசின் அல்லது லெவற்றிறசற்றம் போன்ற ஒப்புநோக்கிற் பாதுகாப்பான மருந்துக்கு மெல்ல மெல்ல மாறுதலேயாம். எம்மவருள் வலிப்பு நோயை மணப்பேச்சில் மறைத்தல் வழக்கமாகிவிட்டது. நோயை மறைக்கும் பெண் மருந்தையும் மறைத்தல் வேண்டும். மருந்தை மறைப்பவள் மருத்துவரிடம் செல்லுதலையும் மறைத்தல் வேண்டும். அம்மறைப்பின் விலையைப் பிறவாத குழந்தை கொடுக்கின்றது. இழிவென்று நாம் கருதும் கருத்தே இங்கு நோயினுங் கொடிய நோயாகின்றது.

கல்லூரியின் கடமை

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு கூறு வகுக்கின்றது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து மருந்தை இயற்றிக் கொடுப்பவரையும் அது நான்காவதாக எண்ணுகின்றது. பெற்றோரும் ஆசிரியரும் உடன்கற்போரும் அந்நான்காங் கூற்றினர்.

வகுப்பில் ஒரு மாணவனுக்கு வலிப்பு வரின் செய்யத்தக்கன சிலவே. அருகிலுள்ள மேசை கதிரைகளை அகற்றுக. தலையின்கீழ் மெல்லிய பொருளொன்றை வைக்குக. உதறும் கைகால்களை அழுத்திப் பிடியாதொழிக. வாயினுள் கரண்டியையோ விரலையோ நீரையோ புகுத்தாதொழிக. உதறல் தணிந்தவுடன் ஒருபுறமாகச் சரித்துக் கிடத்துக. மணிக்கூட்டைப் பார்த்துக்கொள்க. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிப்பினும், ஒன்று ஓயாமுன் மற்றொன்று தொடங்கினும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. நினைவு திரும்புங்கால் அவனைச் சூழ்ந்து வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விலக்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதியேயாம்.

மருந்து உட்கொள்ளும் மாணவர் ஒருவேளை மருந்தையும் தவறவிடலாகாது. வலிப்பு சில மாதம் வாராதிருத்தலை நோய் நீங்கியதாகக் கொண்டு தாமே நிறுத்தலாகாது. வேறு நோய்க்கு மருந்து பெறுங்கால் இம்மருந்து உட்கொள்வதை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். கிருமிகொல்லி மருந்துகளுள் ஒருவகை, குருதியில் வல்புறோவேற்றின் அளவை விரைவில் வீழ்த்திவிடும். பரீட்சை எத்துணைப் பெரிதாயினும் உறக்கத்தை விற்று அதனை வாங்கலாகாது.

கொல்லிமழவன் தன் மகளின் நோயை மறைத்து வைத்தானல்லன். பலரும் கூடும் திருக்கோயிலிலே கொண்டுவந்து கிடத்தினான். நோயை மறையாது வெளிப்படுத்திய அத்தந்தையின் செயல் இன்றும் நாம் கைக்கொள்ளத்தக்கது. மருந்து இன்று நம்மிடம் உண்டு. அதன் குணமும் குற்றமும் அறிந்த அறிவும் உண்டு. அவ்வறிவை வேண்டியவர்க்கு வேண்டிய காலத்தில் எடுத்துரைக்கும் வாயும், நோயுற்றவரைத் தம்மோடு ஒருவராக இருத்தும் உள்ளமும் கற்றோராகிய நம்மிடம் உளவாதல் வேண்டும்.